அடுக்கு இரும்புக் கத்தியில் வரி சாம்பலாகவே நிற்கிறது, மறுநாள் துரு: ஆசிட் பிழையா, இரும்புப் பிழையா?

காங்கேயம் பட்டறை (கேள்வி)

வணக்கமுங்க. அடுக்கி வெல்டு பண்ணின கத்தி ஒன்னும், ஒத்தை இரும்புல அடிச்ச கொடுவாள் ஒன்னும் ஃபினிஷ் வேலையில நிக்குது.

கத்தி, பேரிங் வளையத்து ஈஎன் 31 எஃகும் லாரி ஸ்பிரிங் பட்டையும் மாத்தி மாத்தி அடுக்கினது. 60 அடுக்குக்குப் பக்கம் வரும். எண்ணெயில தோய்ச்சு, 200 டிகிரியில ரெண்டு தடவை டெம்பர் (கடினத்தைக் கொஞ்சம் தணிக்கற சூடு) பண்ணியாச்சு. 400 வாட்டர் பேப்பர் வரைக்கும் தேச்சு, மேல பஃப் சக்கரத்துல மெருகு அடிச்சு, அடுக்கு வரி தெரிய ஃபெரிக் குளோரைடு ஆசிட்டுல 10 நிமிஷம் படுக்க வெச்சு முக்கினது. எலக்ட்ரானிக் கடையில ரெடியா வர்ற கரைசல், தண்ணி சேர்க்கல.

வரி தெரியுது, ஆனா சாம்பல் மேல சாம்பலா. முனைப்பக்கம் ஆசிட் பிடிக்காத திட்டுக. வாய் ஓரத்துல ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்புப் பட்டை. போர் தண்ணியில கழுவித் துடைச்சு வெச்சா விடியறப்ப மஞ்சத் துரு.

கொடுவாளு முச்சூடும் லாரி பட்டை. அதுக்குக் கறுத்து, கல்லுல உருட்டின மாதிரி ஃபினிஷ் வேணும். ரெண்டுலயும் பட்டறை முத்திரை போடோணும். எந்த இடத்துல மாத்தறதுன்னு சொல்லுங்க.

சென்னிமலை உலை

தம்பி, ஆசிட்டுக்கு முன்னாடி இரும்பைப் பாருங்க. ஈஎன் 31-ல கார்பன் 1 சதவீதம், குரோமியம் 1.5-க்குப் பக்கம். லாரி பட்டையில கார்பன் 0.5, 0.6. இந்தக் கார்பன் வித்தியாசம் வரியா எழும்பும்னு நம்பித்தான் நெறையப் பேரு அடுக்கறாங்க. வெல்டு சூட்டுல கார்பன் நிக்காதுங்க, அடுக்கு விட்டு அடுக்கு ஓடிரும். மடிச்சு மடிச்சு அடுக்கு மெலியறப்ப ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே கார்பன் ஆயிரும். இடத்தை விட்டு அசையாம நிக்கிறது நிக்கல், குரோமியம், மாங்கனீசு மாதிரி சேர்மானந்தான். உங்க அடுக்குல அப்படி வேறுபடறது முக்கியமா ஈஎன் 31-ல கூடுதலா இருக்கிற குரோமியம். அது சாம்பலைக் கொஞ்சம் வெளுப்பாக் காட்டும், வெள்ளையாக் காட்டாது. ஆசிட்டுல எத்தனை மணி நேரம் போட்டாலும் வெள்ளிக் கோடு வராது.

வெள்ளைக் கோடு வேணும்னா அடுத்த அடுக்குல நிக்கல் உள்ள இரும்பு சேர்க்கோணும். 15என்20-ங்கற எஃகுல நிக்கல் 2 சதவீதம். மர மில்லுல ஓடற அகலமான ரம்பப் பட்டை பலது இந்த ஜாதி. எல்லாமே இதுதான்னு எடுத்துக்க வேண்டாம், சாதாக் கார்பன் பட்டையும் உண்டு. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, 400-ல தேச்சு, பக்கத்துல லாரி பட்டைத் துண்டு ஒன்னையும் வெச்சு, தண்ணி கலந்த கரைசல்ல 5 நிமிஷம் ஒட்டுக்காப் போடுங்க. லாரி பட்டை கறுத்து, ரம்பத் துண்டு வெளுப்பா நின்னா அது நிக்கல் பட்டை. ரெண்டும் கறுத்தா விட்டுருங்க. பேரிங்குலயும் சோதிச்சுத்தான் எடுக்கோணும். கூம்பு உருளை பேரிங் பலதும் மேல்தோல் மட்டும் கார்பன் ஏத்தினது, உள்ளே மெது இரும்பு.

இப்ப கையில இருக்கிற கத்தி வீண் இல்லைங்க. நிறத்துல வராத வரியை மேடு பள்ளத்துல கொண்டு வந்துரலாம். குரோமியம் கூடுதலா உள்ள அடுக்கு மெதுவா அரிக்கும், அதனால மேடா நிக்கும். நகத்தை ஓட்டினா தடங்கற அளவுக்கு ஆழம் வந்ததும் முழு அலகையும் கறுப்பாக்கி, மேட்டை மட்டும் 2500 பேப்பர்ல வெளுப்பிச்சா வரி நல்லாப் பிரியும். அந்த ஆழத்துக்கு மொத்தமா 40 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் ஆகும். வாய்ப்பக்கம் அரை மில்லிமீட்டர் தடிமன் இல்லாம இதுல இறங்க வேண்டாம். கூர் ஏத்தின வாயை ஆசிட் பல்லுப் பல்லா அரிச்சுரும். சாணை கடைசி வேலை.

திட்டுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். பஃப் அடிக்கற சோப்புல மெழுகு இருக்குது, அது ஆசிட்டைத் தடுக்கும். அசிட்டோன்ல துடைச்சு, பாத்திர சோப்புப் போட்டுக் கழுவி, அலகு மேல தண்ணி ஊத்திப் பாருங்க. தண்ணி உடையாம ஒரே படலமா ஓடினா சுத்தம். முத்து முத்தா நின்னா எண்ணெய் இன்னும் இருக்குது. சுத்தம் பண்ணி 2 நிமிஷம் மறுபடி முக்கியும் அதே இடத்துல திட்டு வந்தா, அது உலைச் சூட்டுல கார்பன் போன மேல்தோல். அதை எந்தக் கரைசலும் சரி பண்ணாது. 0.2, 0.3 மில்லி தேச்சு எடுத்தா அடியில நல்ல இரும்பு வரும்.

பஃப் இந்த வேலைக்கே வேண்டாமுங்க. மெழுகு ஒரு பக்கம், உலோகத்தை இழுத்து வரி ஓரத்தை மழுக்கறது இன்னொரு பக்கம். கட்டையான பலகையில பேப்பரைச் சுத்தி, 220, 400, 600, 800-ன்னு போங்க. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாத்தித் தேச்சு, முந்தின கோடு ஒன்னுகூட இல்லாம எடுத்துட்டு அடுத்ததுக்குப் போகோணும். கடைசி 800 மட்டும் பிடியில இருந்து முனைக்கு ஒரே திசையில. 220 கோடு ஒன்னு தப்பி நின்னா அது கண்ணுக்குத் தெரியற முன்னாடி ஆசிட்டுக்குத் தெரியும்.

கறுப்புப் பட்டையைப் பத்தி உறுதியாச் சொல்றேன், அது வரியை வெட்டிக்கிட்டுக் குறுக்கே போனா பெல்ட்டுல தேய்க்கறப்ப சூடேறி பதம் (கடினம்) இறங்கின இடம். அடுக்கோட திசையிலேயே மெல்லிசாக் கோடா ஓடினா வெல்டு ஒட்டாத இடம், இல்லைன்னா வெல்டுக்குத் தூவின வெங்காரம் மாட்டின இடம். அரத்தை வெச்சுப் பாருங்க. மத்த இடத்துல வழுக்கி, பட்டையில கடிச்சா பதம் போச்சு. அந்த வாயை கூர் ஏத்தினாலும் தேங்காய் ஓட்டுல பட்டதும் மடங்கும். பட்டை போற வரைக்கும் தேச்சுத் தள்ளுங்க. அகலம் பத்தலைன்னா மறுபடி தோய்ச்சு டெம்பர் பண்ணுங்க. தோய்ச்சதுக்கு அப்புறம் பெல்ட்டுல தேய்க்கறப்ப கையுறை போடாம வெறுங்கையில பிடிச்சு, ஒவ்வொரு தேய்ப்புக்கும் தண்ணியில முக்கோணும். நீலம் ஓடினா 300 டிகிரிக்குப் பக்கம் போயாச்சுன்னு அர்த்தம்.

பெருந்துறை லேப்

கரைசல் பற்றி. கடையில் ரெடியாக வருவது பொதுவாக 40 சதவீத அடர்த்திக்கு அருகில் இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் வேகமாக அரிக்கும் என்று தோன்றும், ஆனால் அலகின் மேல் கசடு அடர்த்தியாகப் படிந்து, அடியில் சீராக அரிக்காது. ஒரு பங்கு கரைசலுக்கு 4 பங்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். பேட்டரிக் கடையில் கிடைக்கும்.

தூளாக வாங்கினால் எந்த வகை என்று பாருங்கள். கறுப்பும் பச்சையுமாக மினுக்கும் தூள் நீரற்றது, லிட்டருக்கு 110 கிராம் போடலாம். மஞ்சள் பழுப்புக் கட்டி நீரேறியது, அதே வலிமைக்கு லிட்டருக்கு 180 கிராம் வேண்டும். நீரற்ற தூள் தண்ணீரில் விழுந்தவுடன் கொதிப்பு வரை சூடேறி, ஹைட்ரோகுளோரிக் ஆவி விடும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரை முதலில் ஊற்றி, கரண்டி கரண்டியாகத் தூளைப் போடுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணாடி, ரப்பர் கையுறை இரண்டும் கட்டாயம், வேலை வெளி வாசலில். சிமென்ட் தரையில் சிந்திய மஞ்சள் கறை போகாது.

பாத்திரத்துக்கு 75 மில்லி பிவிசி குழாய் 450 மில்லி நீளம் வெட்டி, அடியில் மூடி ஒட்டினால் 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். அலகை நைலான் நூலில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். படுக்க வைத்தால் அடிப்பக்கம் குமிழி தங்கி ஒரு மாதிரியாகவும், மேல்பக்கம் கசடு தங்கி வேறு மாதிரியாகவும் வரும். 8 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, தண்ணீரில் அலசி, பழைய பல் துலக்கியால் கறுப்புக் கசடைத் தள்ளி, மீண்டும் இறக்குங்கள். சித்திரை வெயிலில் கரைசல் 35 டிகிரியைத் தாண்டும், மார்கழிக் காலையில் 20-க்கு இறங்கும். அதே 10 நிமிடம் இரண்டு நாளும் ஒரே வேலை செய்யாது. கடிகாரத்தைவிட நகத்தை நம்புங்கள்.

மறுநாள் துருவுக்குக் காரணம் அலகில் தங்கும் குளோரைடு. தண்ணீரில் கழுவுவது போதாது. காங்கேயம், தாராபுரம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு வேறு இருப்பதால் கழுவும்போதே இன்னும் குளோரைடு ஏறுகிறது. லிட்டருக்கு 50 கிராம் சமையல் சோடா கரைத்து, அலகை அதில் 10 நிமிடம் வையுங்கள். நுரை நின்ற பிறகு டிஸ்டில்டு வாட்டரில் அலசி, புது டிஸ்டில்டு வாட்டரில் 5 முதல் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிப்பு இரண்டு வேலை செய்கிறது: நுண்ணிய பள்ளத்தில் இருக்கும் உப்பை வெளியே எடுக்கிறது, மேலே பூத்த சிவப்பு ஆக்சைடைக் கறுப்பு ஆக்சைடாக மாற்றுகிறது. 200 டிகிரியில் டெம்பர் செய்த அலகுக்கு 100 டிகிரியால் பதம் குறையாது. வெளியே எடுத்ததும் சூட்டிலேயே ஈரம் ஆறிவிடும், உடனே எண்ணெய்.

எண்ணெய்க்கு மருந்துக் கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. சமையல் கத்திக்கும் பொருந்தும், சிக்கு வாடை அடிக்காது. உங்கள் ஊரில் செக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகக் கிடைக்கும், அவசரத்துக்குப் பூசலாம், குளிர்ந்தால் உறைந்து திட்டாக நிற்கும். விளக்கெண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகும்.

பிடி மாட்டுவதற்கு முன்பே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். பித்தளை ஆணியை இந்தக் கரைசல் தின்றுவிடும், பிடிக்கு அடியில் கசிந்த கரைசலைச் சோடாவால் எட்டவே முடியாது.

காங்கேயம் பட்டறை

ரொம்ப நன்றிங்க. கறுப்புப் பட்டை குறுக்கேதான் போகுது, அரம் கடிக்குது. தேச்சுத் தள்ளிட்டு மறுபடி தோய்க்கிறேன். இன்னொரு சந்தேகம். எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு வேலைக்கு ஓட்டின பழைய கரைசல் ரெண்டு லிட்டர் இருக்குது. அதுல சோதனைத் துண்டைப் போட்டா செம்பு நிறத்துல தோல் மாதிரி ஒட்டுது. அதைத் தண்ணி கலந்து பயன்படுத்தலாமுங்களா?

பெருந்துறை லேப்

கூடாது. போர்டில் இருந்து கரைந்த செம்பு அந்தக் கரைசலில் இருக்கிறது. இரும்பு உள்ளே போனதும் இரும்பு கரைந்து செம்பு வெளியே படிகிறது. படிந்த இடத்தில் அரிப்பு நின்றுவிடும், வரி வராது. சோதனைத் துண்டை 800 பேப்பரில் தேய்த்தால் செம்பு போய்விடும், கரைசலைத் திருத்த முடியாது. இதனால்தான் நைலான் நூல் என்றேன். செம்புக் கம்பியில் தொங்கவிட்டால் புதுக் கரைசலும் இதே கதிக்கு வரும்.

சென்னிமலை உலை

கறுப்பு ஏத்தறதுக்கு ஆசிட்டை விட இன்ஸ்டன்ட் காபி நல்லதுங்க. சிக்கரி கலக்காத தூளாப் பாத்து வாங்கி, ஒரு லிட்டர் சூடான தண்ணிக்கு 120 கிராம் கரைச்சு ஆற விடுங்க. ஃபில்டர் டிகாக்ஷன் அடர்த்தி பத்தாது. ஆழம் எடுத்து, சோடாவுல கழுவின அலகை 2000 பேப்பர்ல சித்த நேரம் தேச்சு, மேலே இருக்கிற ஆக்சைடு முச்சூடும் எடுத்து வெள்ளையாக்கி, அசிட்டோன்ல துடைச்சு, காபிக்குள்ள தொங்க விடுங்க. 4 மணி நேரத்துல கறுப்பு பிடிக்கும், ராத்திரி முழுக்க விட்டா நல்லா ஊறும். காபி மெதுவான அமிலம், வரி ஓரத்தை அரிக்காமக் கறுப்பை மட்டும் ஏத்தும். வெளிய எடுத்ததும் அழுத்தித் துடைக்காதீங்க, ஈரத்துல அந்தக் கறுப்பு மெதுவா இருக்கும். தண்ணியில அலசி, காத்துல ஆற விட்டு, எண்ணெய் பூசி ஒரு நாள் விடுங்க. அப்புறம் கட்டையான பலகையில 2500 பேப்பரைச் சுத்தி மேட்டை மட்டும் ரெண்டு மூணு இழுப்பு. விரல்ல பேப்பரைப் பிடிச்சா பள்ளத்துக்குள்ளயும் இறங்கிக் கறுப்பு போயிரும்.

நிக்கல் அடுக்கு உள்ள கத்தியா இருந்தா காபியிலயே வெள்ளை வெள்ளையா நிக்கும், மேட்டைத் தேய்க்கற வேலை பாதி மிச்சம்.

குறிச்சி கிரைண்டர்

கொடுவாளுக்கு வர்றேன். கல் உருட்டற ஃபினிஷுக்கு 400 பேப்பர் வரைக்கும் போதும், அதுக்கு மேல தேய்க்கிறது வீண் கூலி. 1:4 கரைசல்ல 15 நிமிஷம் முக்கி நல்லாக் கறுத்ததும் சோடாவுல கழுவிருங்க. மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் டிரம்முல பாதி அளவுக்குக் கூழாங்கல், 5-ல இருந்து 10 மில்லிக்குள்ள, கல் நனையற அளவுக்குத் தண்ணி, ரெண்டு மூடி பாத்திர சோப்பு. கொடுவாளை உள்ள போட்டு உருட்டுங்க. 10 நிமிஷத்துல ஒரு தடவை எடுத்துப் பாத்து, அரை மணிக்குள்ள நிறுத்திக்கலாம். நேரம் கூடக் கூடக் கறுப்பு போய் சாம்பல் ஏறும்.

ஆத்துக் கூழாங்கல்லாவே இருக்கோணும், அதுதான் உருண்டை. சிப்ஸ் ஜல்லி போட்டா உடைஞ்ச முனை ஆழமாக் கீறிடும், ஆசிட் கறுப்பு கோடு கோடா உரிஞ்சு வரும். கோவைப் பக்கம் பம்ப், வால்வு உதிரிபாகத்துக்குப் பிசிறு எடுக்கற வைப்ரோ மெஷின் ஜாப் ஒர்க் நடக்குது. அதுல செராமிக் கல்லு ஒரே அளவா இருக்கும், ரெண்டு பக்கமும் சமமா வரும். கொடுவாள் வளைவு உள்பக்கம் டிரம்முல கல்லு சரியாப் படாது, மெஷின்ல படும். நாலஞ்சு உருப்படி சேந்ததும் கொண்டு போறது லாபம். சாணையைக் கடைசியா வெச்சுக்கங்க, கல்லு வாயை மழுக்கிரும்.

கக்கூஸ் கழுவற ஆசிட்ல கறுப்பாக்கறவங்க இருக்காங்க. கறுப்பு வருது, ஆனா அதோட ஆவி பட்டறைக்குள்ள இருக்கிற அரம், வைஸ், டிரில் எல்லாத்தையும் ஒரு ராத்திரியில துருவேத்தும். அதைக் கழுவின இடத்துல ப்ளீச்சிங் பவுடர் மட்டும் போட்டுராதீங்க, குளோரின் வாயு வந்து மூச்சை அடைக்கும்.

முத்திரைக்கு மின்சாரத்துல அரிக்கறது சுலபம். நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டற கடையில உங்க முத்திரையை வினைல்ல வெட்டி வாங்குங்க. கோடு அரை மில்லிக்குக் குறைஞ்சா கரைசல் அடியில கசிஞ்சு ஓரம் பிசிறடிக்கும். தமிழ் எழுத்தா இருந்தா சுழி உள்பக்கம் அடைஞ்சு போகும், அதனால 6 மில்லி உயரத்துக்குக் கீழ வேண்டாம். அசிட்டோன்ல துடைச்ச இடத்துல ஒட்டி, சுத்திலும் நகப்பூச்சு அடிங்க. 100 மில்லி தண்ணிக்கு 5 கிராம் உப்பு. 12 வோல்ட் பேட்டரி சார்ஜர்ல பிளஸ் ஒயரு அலகுக்கு, மைனஸ் ஒயரு பஞ்சு சுத்தின ஆணிக்கு. பஞ்சை நனைச்சு, முத்திரை மேல 4, 5 வினாடி வெச்சு எடுக்கோணும். பஞ்சு கறுத்ததும் மாத்துங்க. 15 தடவைக்குள்ள நகம் தட்டற ஆழம் வந்துரும். ஒரே மூச்சா வெச்சா சூடேறி ஸ்டிக்கர் பசை இளகிப் போகும். ஒயரை மாத்திக் கொடுத்தா ஆணி கரையும், அலகுல ஒன்னும் ஆகாது.

ஆழம் வந்ததும் சார்ஜரைக் கழட்டிட்டு, 6 அல்லது 9 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மர்ல அதே பஞ்சை நாலஞ்சு தடவை தொட்டு எடுங்க. ஏசியில பள்ளம் கறுக்கும். வீட்டு 230 வோல்ட்டை எந்த வழியிலயும் நேராக் கொடுக்கக் கூடாது. உப்புத் தண்ணியில இருந்து கொஞ்சம் குளோரின் வரும், கதவைத் திறந்து வெச்சுச் செய்யுங்க. ஸ்டெயின்லெஸ் அலகுல செஞ்சா குரோமியம் தண்ணிக்குள்ள இறங்கும், அந்தப் பஞ்சை வெறுங்கையில தொடாதீங்க.

அடுக்குக் கத்திக்கு முத்திரை எப்பப் போடறதுன்னா, ஆழம் எடுத்ததுக்கு அப்புறம், காபிக்கு முன்னாடி. முதல்லயே போட்டா ஒரு மணி நேர ஆசிட்டுல எழுத்து ஓரம் கரைஞ்சு அகலமாயிரும்.

நொய்யல் கரை

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கோணும். கொடுமணல்ல உருக்கு செஞ்ச உலையெல்லாம் அகழாய்வுல வந்துச்சே, அந்த மாதிரி உருக்குல வர்ற நீரோட்டம் மாதிரி வரியை லாரி பட்டையில ஆசிட் வெச்சுக் கொண்டாற முடியுமுங்களா?

சென்னிமலை உலை

முடியாதுங்க. மூசையில (உருக்கற மண் குடுவை) உருக்கின எஃகுல கார்பன் 1.5 சதவீதத்துக்குப் பக்கம் இருக்கும். மெதுவா ஆறி, அப்புறம் குறைஞ்ச சூட்டுல திரும்பத் திரும்ப அடிக்கறப்ப கார்பைடு வரிசை வரிசையா ஒதுங்கும். அந்த வரிசைதான் வெள்ளை வரி, மத்த இடம் கறுக்கும். வனேடியம் மாதிரி சேர்மானம் துளியளவு இருந்தாத்தான் அப்படி ஒதுங்கும். லாரி பட்டையில 0.6 கார்பன், அப்படி ஒதுங்கற அளவுக்கு உபரிக் கார்பைடு இல்லை. மண்ணு பூசித் தோய்ச்சு வாயோரம் அலையாட்டம் கோடு கொண்டு வர்றதும் லாரி பட்டையில சரியா வராது. குரோமியம், மாங்கனீசு சேர்ந்ததால எண்ணெயில ஆழம் வரைக்கும் பதம் ஏறிரும், மண்ணு பூசின முதுகும் கடினமாயிரும். அதுக்கு மாங்கனீசு குறைஞ்ச, சேர்மானம் இல்லாத கார்பன் இரும்பு வேணும்.

மூசை எஃகு கையில கிடைச்சா இந்த 1:4 கரைசல்ல முக்காதீங்க. எரிசாராயத்துல 2, 3 சதவீதம் நைட்ரிக் அமிலம் கலந்து பஞ்சுல தடவினாப் போதும். தேவைக்கு அளவாக் கலந்து அன்னைக்கே தீர்த்துருங்க. இறுக்கி மூடின பாட்டில்ல வெச்சா வாயு சேர்ந்து வெடிக்கும்.

பெருந்துறை லேப்

கழிவு பற்றி யாரும் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். கரைசல் பச்சையாக மாறி, 10 நிமிட வேலை அரை மணி எடுக்க ஆரம்பித்தால் தீர்ந்துவிட்டது. சிங்கில் ஊற்றினால் ஸ்டீல் ஓட்டையாகும், செப்டிக் தொட்டியும் கெடும். வாளியில் வைத்து, சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நுரை பொங்கும் என்பதால் வாளி பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. பிஹெச் தாளில் 7, 8 வந்ததும் நிறுத்துங்கள். ஒரு நாள் விட்டால் பழுப்புச் சேறு அடியில் தங்கும். துணியில் வடிகட்டி, சேற்றைக் காய வைத்துப் பொட்டலமாகக் கட்டி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். வடிந்த தண்ணீரில் உப்பு இருக்கும், தென்னைக்கோ கிணற்றோரமோ விட வேண்டாம். திருப்பூர் சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணை நீரை எப்படிக் கெடுத்தது என்று நம் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும், 2 லிட்டர் என்றாலும் அதே மண்தான். அந்தச் செம்பு கலந்த பழைய கரைசலை இதோடு சேர்க்காமல் தனி கேனில் பெயர் எழுதி வையுங்கள். போர்டு தயாரிக்கும் யூனிட்டில் கழிவு எடுக்கும் ஏற்பாடு இருந்தால் அதோடு அனுப்பலாம்.

காங்கேயம் பட்டறை

ஒரே ஒரு கேள்வி அண்ணா. மறுபடி தோய்ச்சா அடுக்குக் கத்தியில முன்னாடி எடுத்த ஆழம் போயிருமுங்களா?

சென்னிமலை உலை

போயிரும் தம்பி. உலைச் சூட்டுல மேல செதில் கட்டும், கார்பனும் போகும், ரெண்டையும் தேச்சு எடுத்துத்தான் ஆகோணும். தோய்ச்சு, டெம்பர் பண்ணி, சாதா வினிகர்ல ஒரு ராத்திரி போட்டா செதில் கழண்டு வரும், பேப்பர் மிச்சம். அதுக்கப்புறம் 220-ல இருந்து புதுசா ஆரம்பிங்க. வாய் அரை மில்லிக்குக் குறைஞ்சிருந்தா தோய்க்கறப்பவே நெளியும், அதனால கறுப்புப் பட்டையைத் தேச்சுத் தள்ளினதும் முதல்ல வெர்னியர் வெச்சு அளந்து பாருங்க.